ஒரு டாக்டர், இரண்டு சிறுகதைகள்

1/
1866-ல் அமெரிக்காவில் ஒரு டாக்டர் ஒரு சிறுகதை எழுதினார். 26 வருஷம் கழிச்சு, 1892-ல், அதே டாக்டர்கிட்ட வைத்தியம் பார்த்துக்கிட்ட ஒரு பெண் எழுதின சிறுகதை வெளிவந்தது. டாக்டரோட கதை, கண்ணுக்குத் தெரியாத ஒரு வலியை ஊரையே நம்ப வெச்சது. அந்தப் பெண்ணோட கதை, கண்ணுக்குத் தெரியாத தன் வலியை டாக்டர்கள் நம்பலைன்னு சொன்னது.

ரெண்டும் இன்னிக்கும் படிக்கப்படுற கதைகள். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா, மருத்துவத்துல 'ஹிஸ்டரி எடுக்குறது'ன்னு நாங்க சொல்ற விஷயத்தோட வரலாறு கொஞ்சம் புரியும். நீளமான த்ரெட். டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

2/
டாக்டர் பேர் சைலஸ் வெயர் மிட்செல். 1829-ல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பாவும் டாக்டர்.

நியூராலஜி பக்கம் போனவங்களுக்கு இந்தப் பேர் தெரிஞ்சிருக்கும். நரம்புல அடிபட்டதுக்கு அப்புறம் நெருப்பு வெச்ச மாதிரி விடாம எரியுற வலிக்கு 'காசால்ஜியா'ன்னு பேர். அந்தப் பேர் மருத்துவத்துக்குள்ள வந்தது இவர் மூலமாத்தான். வெட்டி எடுத்த கை, கால் இன்னும் உடம்புல இருக்குற மாதிரியே தோணுதே, அதுக்கு 'ஃபேன்டம் லிம்ப்'னு பேர் வெச்சதும் இவர்தான். அமெரிக்க நரம்பியலை உருவாக்கினவங்க யாருன்னு நாலு பேரைச் சொன்னா, அதுல இவர் கண்டிப்பா இருப்பார்.

3/
இவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது போர். 1861-ல் இருந்து 1865 வரைக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர்.

அந்தக் காலத்துத் துப்பாக்கிக் குண்டு மென்மையான ஈயத்துல செஞ்சது. எலும்புல பட்டா எலும்பு சுக்குநூறாகிடும். ஆன்டிபயாடிக் கிடையாது. கருவியைச் சுத்தம் பண்ணணும்ங்கிற ஞானமே இன்னும் வரல. அதனால கை காலை வெட்டி எடுக்குறதுதான் உயிரைக் காப்பாத்துற வழி. வடக்குப் படையில மட்டும் சுமார் 30,000 பேருக்கு கையோ காலோ எடுத்தாங்க.

4/
ஃபிலடெல்ஃபியாவில் டர்னர்ஸ் லேன்னு ஒரு ராணுவ மருத்துவமனை. 400 படுக்கை. நரம்புக் காயம் பட்டவங்களை அங்கே அனுப்புவாங்க. மிட்செல், ஜார்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன், இந்த மூணு பேரும் அங்கே வேலை பார்த்தாங்க. 1864-ல் மூணு பேரும் சேர்ந்து நரம்புக் குண்டுக்காயங்களைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் போட்டாங்க. நரம்பியலில் அது ஒரு மைல்கல்.

அந்த வார்டுல சிப்பாய்ங்க ஒரு விநோதமான விஷயம் சொன்னாங்க. "கால் இல்ல சார், ஆனா கட்டைவிரல் அரிக்குது." "கை போயிடுச்சு, ஆனா விரலெல்லாம் மடங்கி நகம் உள்ளங்கையில குத்துது, விரிக்க முடியல."

5/
இந்தப் புகார் புதுசு இல்ல. 16-ஆம் நூற்றாண்டுலயே ஆம்ப்ருவாஸ் பாரேங்கிற பிரெஞ்சு சர்ஜன் இதை எழுதி வெச்சிருக்கார். ஆனா 300 வருஷமா யாரும் இதைப் பெருசா எடுத்துக்கல. இல்லாத கால் வலிக்குதுன்னு ஒருத்தன் சொன்னா என்ன சொல்வோம்? ஒண்ணு பிரமை, இல்லேன்னா பென்ஷனுக்கு நடிக்கிறான்.

மிட்செல் அப்படிச் சொல்லல. படுக்கை பக்கத்துல உக்காந்து கேட்டார். எந்த விரல், எப்போ, காத்து அடிச்சா கூடுதா, கொட்டாவி விட்டா கூடுதா, எல்லாத்தையும் கேட்டு எழுதினார்.

எக்ஸ்ரே கண்டுபிடிச்சதே 1895-ல். அப்போ அவர் கையில இருந்த ஒரே ஆதாரம் நோயாளி சொன்ன வார்த்தை. அதை அவர் ஆதாரமாவே எடுத்துக்கிட்டார்.

6/
இனிமேதான் சுவாரசியம். ஃபேன்டம் லிம்ப்பைப் பத்தி அவர் முதல்ல விரிவா எழுதினது மருத்துவப் பத்திரிகையில இல்ல. சிறுகதையில.

1866 ஜூலை 'அட்லான்டிக் மன்த்லி' இதழ்ல 'தி கேஸ் ஆஃப் ஜார்ஜ் டெட்லோ'ன்னு ஒரு கதை வந்தது. எழுதினவர் பேர் போடல. ஜார்ஜ் டெட்லோங்கிற ராணுவ உதவி சர்ஜன் தன் கதையைத் தானே சொல்றார். முதல்ல ஒரு கை போகுது. அப்புறம் சிக்கமாகா போர்ல ரெண்டு காலும் போகுது. கடைசியில ஆஸ்பத்திரியில பரவின கேங்க்ரீன்ல மிச்சமிருந்த கையும் போகுது. வெறும் உடம்பும் தலையும்தான் பாக்கி.

அந்த மனுஷன், தன் இல்லாத காலோட வலியை ஒரு டாக்டரோட நிதானத்துல விவரிக்கிறார். உடம்பு குறையக் குறைய 'நான்'ங்கிற நினைப்பும் குறையுதேன்னு குழம்புறார்.

7/
மிட்செல் பிற்பாடு சொன்ன கணக்குப்படி, அவர் இதை அச்சுக்கு அனுப்பவே இல்ல. ஒரு நண்பர்கிட்ட படிக்கக் கொடுத்தார். அது எட்வர்ட் எவரெட் ஹேல்ங்கிற பாதிரியார் கைக்குப் போய், அவர் அட்லான்டிக்குக்கு அனுப்பிட்டார். திடீர்னு ஒரு நாள் புரூஃபும் காசோலையும் வீட்டுக்கு வந்து நிக்குது.

படிச்சவங்க நிஜம்னே நம்பிட்டாங்க. டெட்லோவுக்கு உதவணும்னு பணம் திரட்டினாங்க. கதையில வர்ற, கை கால் இழந்தவங்களுக்கான ஃபிலடெல்ஃபியா ஆஸ்பத்திரிக்கே ஆட்கள் தேடி வந்தாங்க.

கதையோட முடிவைப் பார்த்தாவது சந்தேகம் வந்திருக்கணும். ஆவியோட பேசுற ஒரு கூட்டத்துல டெட்லோவைக் கொண்டுபோய் உக்கார வெக்கிறாங்க. யாரோட ஆவி வருதுன்னு நினைக்கிறீங்க? ராணுவ மருத்துவ அருங்காட்சியகத்துல ஸ்பிரிட்ல ஊறிக்கிட்டு இருக்குற அவரோட சொந்தக் கால்கள். வரிசை எண்ணைச் சொல்லிட்டு வந்து ஒட்டிக்குது. அவரும் எழுந்து நாலு அடி நடந்துட்டு விழுறார். இவ்வளவு கிண்டலா முடிச்சும் ஜனங்க நம்பினாங்க. அந்த வலியோட விவரிப்பு அப்படி.

8/
அப்புறம்தான் 1871-ல் ஒரு பொது இதழ்ல ஃபேன்டம் லிம்ப்ங்கிற பேரோட கட்டுரை எழுதினார். 1872-ல் நரம்புக் காயங்களைப் பத்தின பெரிய புத்தகம். கதை முதல்ல, பாடப்புத்தகம் பிறகு.

இதோட த்ரெட்டை முடிச்சா மிட்செல் ஒரு ஹீரோ. 'நோயாளி சொல்றதை நம்பு'ன்னு முதல் வருஷ மாணவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல உதாரணம். ஆனா கதை இங்கே முடியல.

9/
போர் முடிஞ்சது. சிப்பாய்ங்க வீட்டுக்குப் போனாங்க. மிட்செல்லோட கிளினிக்கை இப்போ நிரப்பினது வேற கூட்டம். வசதியான வீட்டுப் பெண்கள். சோர்வு, தூக்கமின்மை, அழுகை, சாப்பாடு இறங்கல, எழுந்திருக்க முடியல. அன்னிக்கு இதுக்கெல்லாம் வெச்ச பேர் நியூரஸ்தீனியா, ஹிஸ்டீரியா. நம்ம ஊர்ச் சுவரெல்லாம் 'நரம்புத் தளர்ச்சியா? உடனே அணுகவும்'னு விளம்பரம் எழுதியிருப்பாங்க இல்லையா, அந்த வார்த்தைக்கும் இந்தக் காலத்து வைத்தியத்துக்கும் தூரத்துச் சொந்தம் உண்டு.

இவங்களுக்கு மிட்செல் கண்டுபிடிச்ச வைத்தியம் 'ரெஸ்ட் க்யூர்'. ஓய்வு சிகிச்சை. 1877-ல் இதைப் பத்தி எழுதின புத்தகத்துக்கு அவர் வெச்ச தலைப்பு 'ஃபேட் அண்ட் பிளட்'. கொழுப்பும் ரத்தமும். உடம்புல சதை போட வெச்சு, ரத்தம் ஊற வெச்சா நரம்பு தன்னால சரியாகும்ங்கிறது கணக்கு.

10/
எப்படிச் செய்வாங்க?

ஆறு முதல் எட்டு வாரம் படுக்கை. முழுப் படுக்கை. ஆரம்ப நாட்கள்ல எழுந்து உக்காரக்கூடாது. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, தையல் கூடாது. நர்ஸ்தான் ஊட்டி விடணும். வீட்டு ஆளுங்க யாரும் பார்க்கக்கூடாது. முதல்ல பால், ரெண்டு மணிக்கு ஒரு தரம். அப்புறம் அதுக்கு மேல சாப்பாடு, இறைச்சி, மறுபடியும் பால். உடம்பை அசைக்காததால தசை கெட்டுப்போகாம இருக்க மசாஜும் மின்சார அதிர்வும்.

முக்கியமான மருந்து ஒண்ணு இருக்கு: கீழ்ப்படிதல். டாக்டர் சொன்னதைக் கேட்கணும். நோயாளி தன் நோயைப் பத்திப் பேசப் பேச நோய் வளரும், அதனால பேச்சைக் குறைக்கணும்ங்கிறது மிட்செல்லோட நம்பிக்கை.

11/
இங்கே நியாயமா ஒண்ணு சொல்லிடணும். ரெஸ்ட் க்யூர் அந்தக் காலத்துல கொடூரமான வைத்தியம் இல்ல. 1872-ல் ராபர்ட் பேட்டிங்கிற ஜார்ஜியா டாக்டர், இந்த மாதிரி புகார்களுக்கு நல்லா இருக்குற சினைப்பையை வெட்டி எடுக்குற ஆபரேஷனை ஆரம்பிச்சு வெச்சார். அது பரவவும் செஞ்சது. இன்னொரு பக்கம் மனநோய் விடுதி. இந்த ரெண்டோட ஒப்பிட்டா, படுக்கையும் பாலும் எவ்வளவோ மேல். எலும்பும் தோலுமா வந்த சிலருக்கு நிஜமாவே உடம்பு தேறியிருக்கு. அதனாலதான் இங்கிலாந்து வரைக்கும் பரவுச்சு.

நல்ல எண்ணத்தோட, ஓரளவு பலனோட, பெரிய பேரோட இருந்த ஒரு வைத்தியம் இது. ஆபத்து அங்கேதான். கேள்வி கேட்க யாருக்கும் தோணாது.

12/
சரி, ஆம்பளைங்க இதே மாதிரி மனசு உடைஞ்சு வந்தா மிட்செல் என்ன பண்ணினார்?

1885-ல் ஓவன் விஸ்டர்னு 25 வயசு இளைஞர். ஹார்வர்டு படிப்பு. இசையில போகணும்னு ஆசை. அது நடக்காம, பிடிக்காத வேலையில மாட்டி, உடம்பும் மனசும் கெட்டுப்போச்சு. மிட்செல் சொன்ன வைத்தியம்: வயோமிங் போ. பண்ணையில தங்கு, குதிரை ஏறு, வேட்டையாடு, வெட்டவெளியில தூங்கு.

விஸ்டர் போனார். போன இடத்துல நாட்குறிப்பு எழுதினார். தேறினார். திரும்பத் திரும்பப் போனார். அந்தக் குறிப்புகள்ல இருந்து கதைகள் வந்தது. 1902-ல் வந்த அவரோட 'தி வர்ஜினியன்' நாவல்தான் கௌபாய் கதைகளுக்கெல்லாம் முன்னோடின்னு சொல்வாங்க.

13/
அதே மிட்செல்கிட்ட ரெண்டு வருஷம் கழிச்சு, 1887 வசந்தத்துல, 26 வயசுப் பெண் ஒருத்தர் வந்தார். சார்லட் பெர்கின்ஸ் ஸ்டெட்சன். பிற்பாடு சார்லட் பெர்கின்ஸ் கில்மன்னு உலகத்துக்குத் தெரிஞ்சவர். 'அங்கிள் டாம்ஸ் கேபின்' எழுதின ஹாரியட் பீச்சர் ஸ்டோவ், இவரோட அப்பாவழிச் சின்னப் பாட்டி.

அப்பா குடும்பத்தை விட்டுட்டுப் போனவர். வறுமை. ஓவியப் பள்ளியில படிச்சு, விளம்பர அட்டைகளுக்குப் படம் வரைஞ்சு கொடுத்துச் சம்பாதிச்ச பொண்ணு. அதாவது தூரிகையும் பேனாவும் இவருக்குப் பொழுதுபோக்கு இல்ல, பிழைப்பு.

1884-ல் வால்டர் ஸ்டெட்சன்ங்கிற ஓவியரோட கல்யாணம். 1885 மார்ச்சுல பெண் குழந்தை.

14/
குழந்தை பிறந்ததுல இருந்து இருட்டு. கணவர் அன்பானவர், குழந்தை அழகு, வேலைக்கு ஆள் இருக்கு, அம்மாவும் உதவிக்கு வந்தாச்சு. ஆனா குழந்தையைத் தூக்கினா சந்தோஷத்துக்குப் பதிலா கண்ணீர்தான் வருது.

நடுவுல குளிர்காலத்துக்கு கலிஃபோர்னியா போய்த் தங்கினார். ரயில் ஏறினதுமே தெளிஞ்சது. திரும்பி வீட்டுக்கு வந்த ஒரே மாசத்துல மறுபடியும் இருட்டு. இடத்தோட கூடிக் குறையுற வியாதி. எந்த டாக்டருக்கும் இது பெரிய துப்பு.

அன்னிக்கு மருத்துவத்துக்கு இது தெரியாத நோயும் இல்ல. 1858-லயே லூயி விக்டர் மார்சேங்கிற பிரெஞ்சு டாக்டர், கர்ப்பத்துலயும் பிரசவத்துக்கு அப்புறமும் வர்ற மனநோய்களைப் பத்தித் தனிப் புத்தகமே எழுதியிருந்தார்.

15/
மிட்செல்லைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி சார்லட் ஒரு காரியம் பண்ணினார். தன்னோட முழு ஹிஸ்டரியையும் கைப்பட நீளமா எழுதி அவருக்கு அனுப்பினார். எப்போ ஆரம்பிச்சது, எப்போ கூடுது, எப்போ குறையுது, குடும்பத்துல யாருக்கு என்ன. நாட்டிலேயே பெரிய நரம்பு டாக்டர், அவருக்கு எல்லா விவரமும் தெரியணும்னு.

இப்படி ஒரு நோயாளி கிடைக்கிறது எங்களுக்கெல்லாம் வரம். ஆனா சார்லட்டோட சுயசரிதைப்படி, மிட்செல் அந்தக் கடிதத்தைத் தற்பெருமையோட அடையாளமாத்தான் பார்த்தார். பீச்சர் குடும்பத்துப் பெண்கள் ரெண்டு பேருக்கு ஏற்கெனவே வைத்தியம் பார்த்தாச்சுன்னும் சொன்னாராம்.

காலே இல்லாதவன் கால் வலிக்குதுன்னு சொன்னப்போ, பேனா எடுத்து உக்காந்து எழுதின அதே மனுஷன்.

16/
ஒரு மாசம் ஃபிலடெல்ஃபியாவில் ரெஸ்ட் க்யூர். படுக்கை, பால், மசாஜ். 'ஒண்ணும் இல்ல, தேறியாச்சு'ன்னு வீட்டுக்கு அனுப்பிட்டார்.

அனுப்பும்போது சொன்ன அறிவுரைகளை சார்லட் பிற்காலத்துல நினைவுல இருந்து எழுதியிருக்கார். சுருக்கமா: முடிஞ்ச வரைக்கும் வீட்டு வேலையிலயே இரு. குழந்தையை எப்பவும் பக்கத்துலயே வெச்சுக்கோ. சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் படு. புத்திக்கு வேலை நாளைக்கு ரெண்டு மணி நேரம் மட்டும். பேனா, தூரிகை, பென்சில், இதையெல்லாம் உயிரோட இருக்குற வரைக்கும் தொடாதே.

விஸ்டருக்கு வயோமிங். சார்லட்டுக்கு இது.

17/
சொன்னபடி சில மாசம் இருந்து பார்த்தார். புத்தி பேதலிக்கிற விளிம்பு வரைக்கும் போனதா அவரே எழுதறார். துணி பொம்மை ஒண்ணைச் செஞ்சு கதவுக் குமிழ்ல தொங்கவிட்டு விளையாடிக்கிட்டு இருந்தாராம். இருட்டான அலமாரிக்குள்ளயும் கட்டிலுக்கு அடியிலயும் ஊர்ந்துபோய் ஒளிஞ்சிருக்கார்.

அப்புறம் ஒரு முடிவெடுத்தார். 1888-ல் கணவரை விட்டுப் பிரிஞ்சு, குழந்தையோட கலிஃபோர்னியாவில் பாசடீனாவுக்குப் போயிட்டார். டாக்டர் கூடாதுன்னு சொன்னதைச் செஞ்சார். எழுதினார்.

1890 ஏப்ரல்ல 'சிமிலர் கேசஸ்'னு ஒரு கிண்டல் கவிதை அச்சுல வந்தது. 'உலகத்தை மாத்த முடியாது, மனுஷ சுபாவம் அப்படி'ன்னு பேசுறவங்களைப் பரிணாமக் கொள்கையை வெச்சே நக்கலடிக்கிற கவிதை. அன்னிக்கு அமெரிக்க இலக்கியத்துல பெரிய கையான வில்லியம் டீன் ஹோவெல்ஸ் அதைப் படிச்சுட்டுப் பாராட்டிக் கடிதம் எழுதினார். அந்தக் கோடையில சார்லட் ஒரு சிறுகதை எழுதினார். 'தி யெல்லோ வால்பேப்பர்'.

18/
கதை இதுதான். பேர் சொல்லப்படாத ஒரு பெண். குழந்தை பெத்து கொஞ்ச நாள்தான் ஆகுது. கணவன் ஜான் ஒரு டாக்டர். அண்ணனும் டாக்டர். ரெண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம்: இவளுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல, லேசான நரம்புக் கோளாறு, ஓய்வு எடுத்தா போதும். கோடைக்கு ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, மாடியில ஒரு அறையில இவளைத் தங்க வெக்கிறான். ஜன்னல்ல கம்பி. கட்டிலைத் தரையோட சேர்த்து ஆணி அடிச்சிருக்கு. சுவர்ல அழுக்கு மஞ்சள் நிறத்துல கிழிஞ்ச வால்பேப்பர்.

எழுதக்கூடாதுன்னு தடை. அவ ஒளிச்சு வெச்சு எழுதுறா. நாம படிக்கிறது அந்தத் திருட்டு நாட்குறிப்பைத்தான். போகப் போக அந்த வால்பேப்பர் டிசைனுக்குப் பின்னால ஒரு பெண் குனிஞ்சு ஊர்ந்துக்கிட்டு இருக்குறது அவளுக்குத் தெரிய ஆரம்பிக்குது. அவளை வெளியில விடணுமேன்னு காகிதத்தைக் கிழிக்கிறா. முடிவை நான் சொல்லல.

19/
டாக்டரா படிக்கும்போது எனக்கு உறைக்கிறது ஜான்தான். அவன் வில்லன் இல்ல. அடிக்கல, திட்டல. கொஞ்சிக்கிட்டே மறுக்கிறான். அறையை மாத்தலாமான்னு கேக்குறா, முடியாது கண்ணு. சொந்தக்காரங்களைப் பார்க்கப் போகலாமா. உன் உடம்புக்கு ஆகாது. இங்கேருந்து கிளம்பிடலாமா, வாடகை முடிய மூணு வாரம்தானே, நீ தேறிட்டே வர்றே, நான் டாக்டர், எனக்குத் தெரியாதா?

அவ சொல்ற ஒவ்வொரு அறிகுறிக்கும் அவன்கிட்ட ஒரு சமாதானம் இருக்கு. எடை கூடியிருக்கு, முகத்துல களை இருக்கு. அவன் அளக்குறது கொழுப்பையும் ரத்தத்தையும். மிட்செல் புத்தகத் தலைப்பு ஞாபகம் வருதா?

கதைக்குள்ள மிட்செல் பேரே வருது. நீ சீக்கிரம் தேறலைன்னா உன்னை வெயர் மிட்செல்கிட்ட அனுப்பிடுவேன்னு ஜான் சொல்றதா அவ எழுதறா.

20/
ஹோவெல்ஸ் இந்தக் கதையை ஒரு பத்திரிகைக்குச் சிபாரிசு பண்ணினார். எந்தப் பத்திரிகை தெரியுமா? அட்லான்டிக் மன்த்லி. ஜார்ஜ் டெட்லோவை 1866-ல் போட்ட அதே அட்லான்டிக்.

ஆசிரியர் ஹொரஸ் ஸ்கடர் திருப்பி அனுப்பிட்டார். இதைப் படிச்சு நான் பட்ட வேதனையை மத்தவங்களுக்கும் கொடுத்தா என்னை நானே மன்னிக்க முடியாதுங்கிற தோரணையில ஒரு குறிப்பு. கை கால் நாலும் போன சிப்பாயோட வேதனை அச்சுக்கு ஏத்ததா இருந்த இடத்துல, பிள்ளை பெத்தவளோட வேதனைக்கு இடம் இல்ல.

கடைசியில 1892 ஜனவரியில 'நியூ இங்கிலாந்து மேகஸின்'ல வந்தது. அதே வருஷம் ஆகஸ்ட்ல ஓவன் விஸ்டரோட முதல் மேற்கத்தியக் கதை 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'யில வந்தது. ஒரே டாக்டரோட ரெண்டு நோயாளிகள், ஒரே வருஷம். ஒருத்தர் டாக்டர் சொன்னதைக் கேட்டதால எழுத்தாளர் ஆனார். இன்னொருத்தர் கேட்காததால.

21/
கதை வந்ததும் பாஸ்டன் பத்திரிகை ஒண்ணுக்கு ஒரு டாக்டர் கடிதம் எழுதினார்: இந்த மாதிரி எழுத்தையெல்லாம் அச்சடிக்கலாமா, படிக்கிறவங்களுக்கே புத்தி பேதலிச்சிடாதா? கன்சாஸ்ல இருந்து இன்னொரு டாக்டர் சார்லட்டுக்கே எழுதினார்: மனநோய் தொடங்குற விதத்தை இவ்வளவு துல்லியமா நான் எங்கேயும் படிச்சதில்ல.

ஒரே கதை, ரெண்டு டாக்டர். ஒருத்தர் அதை ஆபத்தா பார்த்தார், இன்னொருத்தர் கேஸ் ஷீட்டா பார்த்தார்.

மிட்செல்லுக்கும் ஒரு பிரதி அனுப்பினதா சார்லட் சொல்றார். பதில் வரல.

22/
1913-ல் தன் சொந்தப் பத்திரிகையில, ஏன் இந்தக் கதையை எழுதினேன்னு ஒரு பக்கக் கட்டுரை எழுதினார். பல வருஷம் கழிச்சு, கதையைப் படிச்ச பிறகு மிட்செல் தன் வைத்திய முறையையே மாத்திக்கிட்டதா அவரோட நண்பர்கள் வழியா கேள்விப்பட்டேன்னு அதுல சொல்றார்.

நெட்ல இதை எல்லாரும் அப்படியே பகிர்வாங்க. கேக்க நல்லா இருக்கு. ஆனா மிட்செல்லோட எழுத்துகள்லயும் கடிதங்கள்லயும் தேடின ஆய்வாளர்களுக்கு அதற்கான ஆதாரம் கிடைக்கல. ரெஸ்ட் க்யூரை அவர் கைவிட்டதா தெரியல. 1914-ல் இறக்குற வரைக்கும் பெரிய மரியாதையோட வாழ்ந்தார். நாவல்கள், கவிதைகள் நிறைய எழுதினார். கதைகள் டாக்டர்களை உடனே மாத்திடும்னு நம்ப எனக்கும் ஆசைதான். வரலாறு அப்படிச் சொல்லல.

23/
சார்லட்டையும் புனிதமாக்க வேண்டாம். பெண்கள் பொருளாதாரச் சுதந்திரத்தைப் பத்தி 1898-ல் இவர் எழுதின 'விமன் அண்ட் எகனாமிக்ஸ்' பெரிய புத்தகம். ஆனா கறுப்பின மக்களைப் பத்தி 1908-ல் எழுதின கட்டுரை, படிச்சா கூசுற அளவுக்கு இனவெறி. வம்சமேம்பாட்டுக் கொள்கையையும் ஆதரிச்சவர். தன் வலியை டாக்டர்கள் கேட்கலைன்னு எழுதினவருக்கு, இன்னொரு கூட்டத்தோட வலி கேட்கல. மிட்செல்லுக்கு இருந்த அதே செவிட்டுத்தனம், வேற பக்கக் காதுல.

1932-ல் மார்பகப் புற்றுநோய்னு தெரிஞ்சது. ஆபரேஷனுக்கு மிஞ்சின நிலை. 1935 ஆகஸ்ட்ல இறந்தார். அவரோட கதை பெரும்பாலும் மறக்கப்பட்டு, இடையில பேய்க்கதைத் தொகுப்புகள்ல கிடந்து, 1973-ல் ஒரு பெண்ணியப் பதிப்பகம் தனிப் புத்தகமா போட்ட பிறகுதான் கல்லூரிப் பாடங்களுக்குள்ள வந்தது.

24/
இதெல்லாம் அமெரிக்கக் கதை, 130 வருஷத்துக்கு முந்தினது, நமக்கென்னன்னு கேக்கலாம்.

ஓபியில நடக்குறதைச் சொல்றேன். பிரசவம் ஆகி ஒண்ணரை மாசத்துல தடுப்பூசிக்கு வருவாங்க. கூட அம்மா, மாமியார், சில சமயம் கணவர். "பால் சரியா கொடுக்க மாட்டேங்குறா டாக்டர்." "எப்பப் பார்த்தாலும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கா." "எங்க காலத்துல அஞ்சு பெத்தோம், இப்படியா இருந்தோம்?" பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியம் உண்டு, மருந்து உண்டு, காதுக்குப் பஞ்சு உண்டு. எல்லாம் அக்கறைதான். சுத்தி எல்லாரும் பேசுவாங்க. அந்தப் பொண்ணு மட்டும் தரையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கும். ஜான் வீட்டு மாடி அறை இதுதான்.

25/
உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி, வளரும் நாடுகள்ல பிரசவமான பெண்கள்ல கிட்டத்தட்ட 20 சதவீதம் பேருக்கு மனநலப் பிரச்சினை வருது. முக்கியமா டிப்ரெஷன். அஞ்சுல ஒருத்தர்.

பிரசவமான முதல் சில நாள்ல வர்ற அழுகை, எரிச்சல், பெரும்பாலானவங்களுக்கு வரும். ரெண்டு வாரத்துக்குள்ள தன்னால போயிடும். ரெண்டு வாரம் தாண்டியும் எதுலயும் பிடிப்பில்லாம, தூக்கம் வராம, குழந்தை மேல ஒட்டுதல் வராம, குற்ற உணர்ச்சியா இருந்தா அது டிப்ரெஷனா இருக்கலாம். காதுல குரல் கேக்குது, யாரோ குழந்தையை எடுத்துட்டுப் போகப் பாக்குறாங்கன்னு சொன்னா, அது 1,000 பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வர்ற சைக்கோசிஸ். அது எமர்ஜென்சி, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். எல்லாத்துக்கும் வைத்தியம் உண்டு. பால் கொடுத்துக்கிட்டே எடுத்துக்கக்கூடிய மருந்துகளும் உண்டு.

26/
1987-ல் எடின்பரோ கேள்விப் பட்டியல்னு ஒண்ணு வந்தது. 10 கேள்வி. அஞ்சு நிமிஷம். சிரிக்க முடியுதா, காரணமில்லாம உங்களையே குத்தம் சொல்லிக்கிறீங்களா, உங்களை நீங்களே ஏதாவது பண்ணிக்கலாம்னு தோணுதா, இந்த மாதிரி. ரத்தப் பரிசோதனை இல்ல, ஸ்கேன் இல்ல. கேட்டு, பதிலை நம்புறது மட்டும்தான்.

டர்னர்ஸ் லேன் வார்டுல மிட்செல் பண்ணினதும் அதைத்தான். அந்தத் திறமை அவருக்கு இருந்துச்சு. யாருக்கு அதைப் பயன்படுத்துறதுங்கிறதுல தான் தப்பு நடந்தது. போர்ல அடிபட்டவன் சொன்னா அறிகுறி. வீட்டுல இருக்குறவ சொன்னா தற்பெருமை. அவர் வாங்க மறுத்த ஹிஸ்டரிதான் அஞ்சு வருஷம் கழிச்சு கதையா அச்சுல வந்து நின்னுச்சு.

27/
அதனால ரெண்டு வேண்டுகோள்.

டாக்டர், நர்ஸ் நண்பர்களுக்கு: பிரசவமான பெண் வந்தா, கூட வந்தவங்களைப் பக்குவமா ரெண்டு நிமிஷம் வெளியில இருக்கச் சொல்லிட்டு, "நீ எப்படிம்மா இருக்கே?"ன்னு அவங்ககிட்டயே கேளுங்க. குழந்தையைப் பத்தி இல்ல, அவங்களைப் பத்தி.

வீட்டுல இருக்குறவங்களுக்கு: "உனக்கு என்ன குறை?"ன்னு கேக்காதீங்க. அவங்க சொல்றதை முழுசா கேளுங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக யோசனையா இருந்தா, டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிடுங்க. தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

28/
ரெண்டு கதையும் காப்புரிமை முடிஞ்சது, ஆங்கிலத்துல இலவசமா கிடைக்குது. ஒவ்வொண்ணும் ஒரே உக்காரல்ல முடிச்சுடலாம். முதல்ல ஜார்ஜ் டெட்லோ, அப்புறம் வால்பேப்பர், இந்த வரிசையில படிங்க. இப்போ குழந்தை பெத்து மனசு சரியில்லாம இருக்கீங்கன்னா வால்பேப்பரைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க. அந்த பாஸ்டன் டாக்டர் சொன்னதுல இவ்வளவு மட்டும் நியாயம் இருக்கு.

படிச்சவங்க, ஜானைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு கீழே சொல்லுங்க. நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து எல்லாத்தையும் படிக்கிறேன்.